நாற்பத்தோராவது நிமிஷத்தில் நிற்கும் நத்தை

அறிவிலும் பிடிவாதத்திலும் என்னையே உரித்து வைத்திருக்கும் என் அருமைப் பேத்திக்கு, உன் அப்பாவைப் பெற்றவளும், ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சையில் வகுப்பிலேயே இரண்டாவதாகத் தேறியவளுமான உன் பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, உன் அம்மா, கம்ப்யூட்டர் ஆகிய நால்வரும் சுகமாக இருக்கிறோம். கம்ப்யூட்டருக்கு மட்டும் உடம்பு கொஞ்சம் சுடுகிறது. அதற்குக் காரணம் நான்தான், விவரம் கீழே வருகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சாப்பிடுகிறேன் என்று எழுதுவாய். உன் கன்னத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எப்படிப் பார்த்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். "பாட்டி, அப்பாவுக்கு அந்த வீடியோவை அனுப்பி ஏழு வாரம் ஆகுது. அவர் பார்த்தாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. பார்க்கலன்னா இன்னும் காத்திருக்கேன். பார்த்துட்டும் ஒரு வார்த்தை பேசலன்னா அதுதான் அவர் பதில்னு எடுத்துக்கறேன், இனிமே அவரைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, வீடியோ ஓட்டுகிற பிளேயர் ஒன்றைப் பத்துப் பேரோடு சேர்ந்து எழுதி ஊருக்கெல்லாம் சும்மா கொடுக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, "சும்மா குடுக்கறதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வெச்சேன்?" என்று அவன் கத்தினதும், "நான் என்ன செய்யறேன்னு ஒரு தடவையாவது உக்காந்து பார்த்தீங்களாப்பா?" என்று நீ கேட்டதும், அதற்குப் பிறகு எட்டு மாசமாக இந்த வீட்டில் உன் பேச்சு வந்தால் அவன் ஃபேனைக் கூட்டி வைப்பதும் எனக்குத்தானே தெரியும். அதனால் பார்த்தானா இல்லையா என்பதை இந்தக் கண்ணால் விசாரித்து உனக்கு எழுதுவது என் கடமை என்று எடுத்துக்கொண்டேன். நான் யார் பக்கமும் இல்லை. இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அவனையே நேராகக் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "டேய், பொண்ணு ஒரு வீடியோ அனுப்பினாளே, பார்த்தியா?" என்றேன். தலை நிமிரவில்லை. "ஓடல" என்றான். "எது ஓடல?" "அந்த வீடியோ. நம்ம கம்ப்யூட்டர்ல ஓடல." "ஏன் ஓடல?" "ஓடலன்னா ஓடல, விடும்மா." அப்படியே கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். நீயே சொல்லு கண்ணு, பதினோரு மாடிக் கட்டடத்தில் ஆளோடு நின்றுபோன லிஃப்டைக் கூட அரை மணியில் ஓட வைக்கிற மெக்கானிக், வீட்டில் மிக்ஸி நின்றால் அதைப் பிரித்துப் போட்டு ஓடுகிற வரைக்கும் குளிக்கக் கூடப் போகாதவன், ஒரு பொருள் ஓடவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போவானா? அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நான் என்ன நினைத்தேன் என்றால், ஓடவில்லை என்பதுதானே சாக்கு, நாம் ஓட வைத்துவிட்டால் சாக்கு போச்சு, பிறகு உட்கார்ந்து பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று.

அடுத்த நாள் அவன் வேலைக்குப் போனதும் அவன் மேஜை டிராயரைத் திறந்தேன். ஃப்யூஸ், வாஷர், டேப் எல்லாவற்றுக்கும் நடுவில் நீ அனுப்பிய பென் டிரைவ் இருந்தது. மற்றதெல்லாம் எண்ணெயும் தூசியுமாகக் கிடக்க, அது மட்டும் புது மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. துரு பிடிக்காமல் இருக்கச் சுற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக்குக்கு ஏது துரு என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நேரே கீழே போய் நம் தெரு முனை போட்டோகாப்பிக் கடைக்காரம்மாவைக் கேட்டேன். அவளுக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும், வாயும் நன்றாகத் தெரியும். "பெரியம்மா, வீடியோ ஓடலன்னா நல்ல பிளேயர் ஒண்ணு போடணும். ஓப்பன் சோர்ஸ்லயே நிறைய இருக்கு, எல்லாம் சும்மாதான்" என்றாள். "அந்த வார்த்தையை எங்க வீட்ல சொல்லாத, சண்டையே அதுல வந்ததுதான்" என்றேன். பிறகு, ஓப்பன் சோர்ஸ் என்றால் சரியாக என்ன என்று கேட்டேன், ஏனென்றால் எட்டு மாசமாக அதற்காகச் சண்டை நடக்கிறதே தவிர அது என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் ஒரு காகிதத்தை மெஷினில் வைத்தபடியே, "உள்ள எப்படி செஞ்சிருக்குன்னு யாரு வேணா பிரிச்சுப் பாக்கலாம். பிடிக்கலன்னா மாத்திக்கலாம். மாத்தினதை மத்தவங்களுக்கும் குடுக்கலாம். அவ்வளவுதான்" என்றாள். அட, இதுதானா! நான் இதை நாற்பது வருஷம் தையலில் செய்திருக்கிறேனே! குழந்தைகள் கவுனுக்கு நான் அளவு பார்த்து வெட்டி வைத்திருந்த காகித மாதிரியை இந்தத் தெருவில் வாங்கிக்கொண்டு போகாத வீடு உண்டா? ஆறாம் நம்பர் வீட்டுக்காரி அதை வாங்கிப் போய் இடது பக்கம் ஒரு பாக்கெட் சேர்த்தாள், திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பாக்கெட் மாதிரியையும் சேர்த்துக் கொடுத்தாள், அதற்குப் பிறகு தெருவில் எல்லாக் குழந்தைக்கும் பாக்கெட் வந்தது, வலது பக்கப் பாக்கெட் பட்டன் விற்கிற வீட்டுக்காரி சேர்த்தது. "அப்ப என் பேத்தி செய்யறது என் வேலைதான்" என்றேன். "ஆமா பெரியம்மா, ரத்தம்" என்றாள். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதனால் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அவளே வீட்டுக்கு வந்து இரண்டு பிளேயர் போட்டுக் கொடுத்தாள். பெயரெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு அந்த எழுத்து இருபத்தாறும் தனித்தனியாக நன்றாகத் தெரியும், ஒன்றாகச் சேர்ந்து நின்றால்தான் அடையாளம் தெரியாது, அதனால் படத்தை வைத்து நானே பெயர் வைத்தேன். ஒன்றுக்குப் பட்டம் படம் போட்டிருந்தது, அது பட்டம். இன்னொன்று கன்னங்கரேல் என்று ஒரு சதுரம், அது கருப்பன். கிளம்பும்போது அவள், "இங்க மூலையில நத்தை படம் போட்டு இன்னொரு பிளேயர் ஏற்கனவே இருக்கே பெரியம்மா, இது யார் போட்டது?" என்றாள். "கம்ப்யூட்டரோட வந்திருக்கும், நத்தை எப்படியும் மெதுவாத்தான் ஓடும், அது கிடக்கட்டும்" என்றேன். எவ்வளவு பெரிய புத்திசாலி பார் உன் பாட்டி.

இப்போது எது நல்லது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். "எது நல்லது?" என்று அவளைக் கேட்டதற்கு, "அது அவங்கவங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. புதுக் கத்தரி வந்தால் நல்ல துணியில் வைக்கக் கூடாது. முதலில் கழிவுத் துணியில் நாலு தரம் ஓட்டிப் பார்த்து, இழுக்கிறதா, நெளிகிறதா, கை வலிக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நல்ல துணி. உன் வீடியோ நல்ல துணி. அதனால் அதைத் தொடவே இல்லை. கழிவுத் துணிக்கு என்ன செய்வது என்று பார்த்தபோது உன் அப்பன் கம்பெனியில் கொடுத்த வீடியோ ஒன்று இருந்தது, 'லிஃப்ட் கதவுப் பராமரிப்பு, பாகம் ஒன்று', முப்பத்தெட்டு நிமிஷம். பழைய பரீட்சை நோட்டில் பட்டம், கருப்பன் என்று இரண்டு கட்டம் போட்டு, நூற்றுக்கு மார்க் போடுவது என்று முடிவு செய்து உட்கார்ந்தேன்.

பட்டம் பார்க்க லட்சணமாக இருந்தது. பட்டன் எல்லாம் உருண்டையாக, கலர் கலராக. ஒரு மூலையில் நாலு அம்புக்குறி இருந்ததைத் தட்டினேன், உடனே லிஃப்ட் கதவு திரை முழுவதும் வந்துவிட்டது. மேஜை இல்லை, மூலை இல்லை, பட்டன் இல்லை, நத்தை இல்லை. எங்கே தொட்டாலும் லிஃப்ட் கதவு. அதில் ஒருவர் என்னைப் பார்த்து, "இந்த நிலையில் யாரும் கையை உள்ளே விடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் பயந்து கையை எடுத்துக்கொண்டேன். எப்படி வெளியே வருவது என்று தெரியவில்லை. உன் அம்மா திரைச்சீலை டெலிவரிக்குப் போயிருந்தாள். கரண்டைப் பிடுங்கலாம் என்றால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று நீதான் முன்பு திட்டியிருக்கிறாய். அதற்குள் வாசலில் உன் அப்பன் வண்டிச் சத்தம் மாதிரிக் கேட்டது. ஒரு போர்வையை எடுத்துக் கம்ப்யூட்டருக்குத் தலையோடு போர்த்திவிட்டு, அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பட்டன் தைக்க ஆரம்பித்தேன். வந்தது பக்கத்து வீட்டு வண்டி. ஆனால் போர்வைக்குள்ளிருந்து அந்த மனுஷன் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். உன் அம்மா வந்து, "அத்தை, யாரை உள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள். பிறகு கீபோர்டில் ஒரே ஒரு சாவியைத் தட்டினாள், மேல் மூலையில் இருப்பது, எல்லாம் சரியாகிவிட்டது. பட்டத்துக்கு அறுபத்திரண்டு போட்டேன். அழகுக்காகப் பத்து கூட்டினது அதில் சேர்த்தி.

கருப்பன் வேறு ஜாதி. அதில் பட்டனே கிடையாது. ஒன்றுமே கிடையாது, படம் மட்டும்தான். எல்லாம் கீபோர்டுச் சாவியில்தானாம், நீளச் சாவியைத் தட்டினால் நிற்கும், மறுபடி தட்டினால் ஓடும், அம்பைத் தட்டினால் தாண்டும். எனக்கு இது பிடித்துப்போனது, தையல் மெஷின் மாதிரி, கையும் காலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், கண் துணியில் இருக்கும். ரசித்துப் போய் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு இரண்டாவது தடவையாக லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று அந்த மனுஷனின் வாய் மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. எனக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. காது போச்சு என்று நினைத்தேன். "மருமகளே!" என்று கத்தினேன். என் குரல் எனக்குக் கேட்டது, ஆனால் சொந்தக் குரல் உள்ளுக்குள்ளிருந்து எப்படியும் கேட்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். உன் அம்மா ஓடி வந்தாள். "ஏதாவது பேசு, எதையாவது சொல்லு!" என்றேன். அவள் கையை ஆட்டினாள், கண்ணை உருட்டினாள், ஒரு சத்தமும் வரவில்லை. திரைச்சீலைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள், வாய் நிறைய குண்டூசி. அதை நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் நான் அழுதுகொண்டிருந்தேன்.

அவள் ஊசியையெல்லாம் துப்புவதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன், தெருவில் பஸ் ஹாரன் கேட்டது, ஆனால் நான் இருந்த நிலையில் அதையும் நினைப்பிலேயே கேட்கிறது என்று வைத்துக்கொண்டேன். காது டாக்டர் சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். விளக்கைப் பொருத்தி உள்ளே பார்த்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டு குசுகுசு என்று வார்த்தைகள் சொன்னாள். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். "பாட்டி, உங்க காது என் காதை விட நல்லா இருக்கு" என்றாள். "வெளியில உக்காந்திருக்கற நர்ஸ் உன்னைப் பத்தி போன்ல சொல்றது கூடக் கேக்குது, சொல்லட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா கம்ப்யூட்டர் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அத்தை, உங்க முழங்கை 'எம்'ங்கற இங்கிலீஷ் எழுத்துச் சாவி மேல இருந்திருக்கு. அதைத் தட்டினா சத்தம் நின்னுடும்." அந்தச் சாவிக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்தது யார் என்று நீயே உன் ஆட்களிடம் கேட்டுச் சொல். ஆனாலும் கருப்பனுக்கு எழுபத்தொன்று போட்டேன். என் முழங்கை செய்த தப்புக்குப் பிள்ளையின் மார்க்கைக் குறைப்பது நியாயமில்லை.

இதற்குள் நான் லிஃப்ட் கதவுப் பராமரிப்பை ஏழு தடவை பார்த்திருந்தேன். சாப்பிடும்போது உன் அப்பன், நம் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் கதவு இழுத்துக்கொண்டு நிற்கிறது, தண்டவாளத்தில் எண்ணெய் விட வேண்டும் என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என் வாய் சும்மா இருக்கக் கூடாதா? "கீழ்த் தண்டவாளத்துல எண்ணெய் விடாதடா, தூசி ஒட்டிக்கும். உலர்ந்த துணியால துடை. அப்புறம் கதவுக்கு அடியில இருக்கற கட்டை தேஞ்சிருக்கான்னு பாரு" என்றேன். அவன் கையில் இருந்த தம்ளர் அந்தரத்திலேயே நின்றது. "உனக்கு யாரும்மா சொன்னது?" "இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு, பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றேன். உன் அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. மறுநாள் பார்த்தால் கட்டை தேய்ந்துதான் இருந்ததாம். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை, உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். உங்கள் வம்சத்தில் நல்லதை நேராக யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

கடைசியில் கருப்பனையே தேர்ந்தெடுத்தேன். காரணத்தையும் எழுதுகிறேன், நீ தொழில் தெரிந்தவள், சரியா என்று சொல். உன் அப்பன் வேலையிலிருந்து வந்தால் விரலில் கிரீஸ் இருக்கும், மவுஸ் வழுக்கும், சின்னச் சின்னப் பட்டனைத் தேடினால் அவனுக்குக் கோபம் வரும். கருப்பனில் நீளச் சாவி ஒன்று போதும், கிரீஸ் கையோடு கூடத் தட்டலாம். யாருக்குத் தைக்கிறோமோ அவர்கள் உடம்புக்குத்தானே அளவு எடுக்க வேண்டும்? கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று பட்டத்தை மாட்டிவிட்டால் போட்டுக்கொள்ளப் போவது நானா? இவ்வளவு யோசித்து, நோட்டில் கையெழுத்தும் போட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பென் டிரைவைச் செருகி, நல்ல துணியை எடுப்பது போல உன் வீடியோவை இரண்டு தட்டுத் தட்டினேன்.

நான் கூப்பிட்டது கருப்பனை. வந்து நின்றது நத்தை. கேட்காமலே தானாகத் திறந்துகொண்டது. திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி வந்தது. மற்ற இரண்டும் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் கேட்கும், இது தமிழில் கேட்டது. எழுத்துக் கூட்டி முதல் தடவையிலேயே படித்துவிட்டேன். "நாற்பத்தொரு நிமிடம், ஏழு விநாடியில் விட்டிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடரட்டுமா?"

கண்ணு, நான் விடவில்லை. நான் அதைத் தொட்டது அப்போதுதான். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவள் அந்தப் பென் டிரைவைத் தொட்டதே இல்லை என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாள். போட்டோகாப்பிக் கடைக்காரம்மா டிராயரைப் பார்க்கவே இல்லை. இந்த வீட்டில் மிச்சம் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். ஓடவில்லை என்று சொன்னவன்.

'முதலிலிருந்து' என்பதைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். உன் முகம் வந்தது. எட்டு மாசம். கன்னம் ஒட்டியிருக்கிறது, தலை சரியாகச் சீவவில்லை, அதே நீலச் சட்டை, காலரில் நான் போட்ட தையல். உன் ரூமைக் காட்டினாய், ஜன்னலுக்கு எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டி, மேஜை மேல் மூன்று காலி டீக் கோப்பை, ஏன்டி அதைக் கழுவ மாட்டாயா? பிறகு, "அப்பா, நான் செய்யறதை உங்களுக்குக் காட்டறேன்" என்று சொல்லி நத்தை படத்தைக் காட்டினாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கம்ப்யூட்டரோடு வந்ததில்லை, நீங்கள் பத்துப் பேர் எழுதினது. உன் அப்பன் யாருக்கும் தெரியாமல் அதைத் தேடிப் போட்டு வைத்திருக்கிறான். அதில் நீ எழுதின பாகம் எது என்றும் சொன்னாய். "பாதியில எழுந்து போயிட்டு வந்தா, எங்க விட்டோமோ அங்கயே வந்து நிக்கும்பா. நீங்க எப்பவும் படம் பாதியில இருக்கும்போதுதானே லிஃப்ட் நின்னுடுச்சுன்னு போன் வந்து ஓடுவீங்க, அதை நினைச்சுத்தான் செஞ்சேன்" என்றாய். உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் போகவில்லை. எனக்குக் கண்ணில் தூசி.

நாற்பதாவது நிமிஷம் வந்ததும் விரலை நீளச் சாவிமேல் தயாராக வைத்துக்கொண்டேன். அவன் அதற்கு மேல் பார்க்கவில்லை. பெற்றவன் பார்க்காத இடத்தைப் பாட்டி முந்திக்கொண்டு பார்ப்பது முறையில்லை. நீ தண்ணீர் குடித்தாய், தம்ளரை வைத்தாய், நேராகப் பார்த்தாய். "அப்பா, கடைசியா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று வாயைத் திறந்தாய். நான் தட்டினேன். டக்கென்று நின்றது. என்ன கீழ்ப்படிதல், என்ன மரியாதை! உன் நத்தைக்கு அந்த இடத்திலேயே தொண்ணூற்றைந்து மார்க் போட்டேன்.

ஆக, நீ கேட்டதற்கு என் தீர்ப்பு இது. பார்த்தான். ஆனால் முழுசாகப் பார்க்கவில்லை. நீ கேள்வி கேட்கப் போகிறாய் என்று தெரிந்ததும் அந்தப் பாவி நிறுத்திவிட்டான். என்ன கேட்பாளோ, தன்னால் சரி என்று சொல்ல முடியுமோ முடியாதோ என்று பயம். ஆளோடு தொங்குகிற லிஃப்டுக்குப் பயப்படாதவன் உன் வாய் திறந்ததும் பயந்துவிட்டான். கேள்வியே காதில் விழாதவன் பதில் சொல்லவில்லை என்று நீ கணக்கு வைக்கக் கூடாது. இது முழுசாகப் பார்த்ததில் சேராது. காத்திரு. நான் பக்குவமாக அவனைக் கடைசி இரண்டு நிமிஷத்துக்குக் கொண்டு வருகிறேன், அவசரப்படாதே. முக்கியமாக, அவன் ஒளிந்து பார்த்தது நமக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் அவமானத்தில் இன்னும் எட்டு மாசம் இழுப்பான். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. நான் யார் பக்கமும் இல்லை.

உன் அம்மா உனக்கு இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறாள், இரண்டிலும் பாக்கெட் உண்டு. உன் கண் கெடாமலும், முதுகு கூன் விழாமலும், நீயும் உன் பத்துப் பேரும் தொட்டதெல்லாம் தடையில்லாமல் ஓடவும் என் இரண்டு கையையும் உன் தலைமேல் வைத்ததாக நினைத்துக்கொள். காலிக் கோப்பைகளைக் கழுவு.

இப்படிக்கு, உன் மேல் உயிராக இருக்கும்
பாட்டி

பி.கு.: கண்ணு, மேலே எழுதினதுல பாதி இப்ப செல்லாது. உறையில பசை காஞ்சு போயிருந்தது. ஒட்டிக் குடுடான்னு உங்கப்பன்கிட்ட குடுத்துட்டு டீ போடப் போனேன். என் புத்தியை என்ன சொல்ல. திரும்பி வந்து பாத்தா எல்லாப் பக்கத்தையும் மேஜை மேல வரிசையா வெச்சுப் படிச்சு முடிச்சிருக்கான். நான் கதவைப் பிடிச்சுட்டு நிக்கறேன். கடைசிப் பக்கத்தை மடிச்சு வெச்சுட்டு, "அம்மா, நான் நிறுத்தல" அப்படின்னான். "என்னடா?" "நான் பயந்து நிறுத்தலம்மா. அது அங்க தானா நின்னுடுது." பொய்னு சொன்னேன். என்னை உக்கார வெச்சு ஓட்டிக் காட்டினான். நான் ரெண்டு கையையும் மடியில வெச்சுட்டுப் பாத்தேன். நீ வாயைத் திறந்தே, அப்படியே நின்னுட்டே. யாரும் எதையும் தொடல. நான் தட்டலன்னாலும் அன்னிக்கு நின்னுதான் இருக்கும். என் முறை, மரியாதை எல்லாம் வீண். முதல்ல வேற பிளேயர்ல போட்டுப் பாத்திருக்கான், நின்னுருக்கு, சரி அவ செஞ்சதுலயே போட்டாத் தாண்டும்னு நத்தையைத் தேடிப் போட்டிருக்கான், அதுலயும் நின்னுருக்கு. "வாயைத் திறந்து அவகிட்டயே கேக்க வேண்டியதுதானேடா?" "கேட்டா நான் பாத்தேன்னு தெரிஞ்சுடுமே." இவனைப் படிக்க வெச்சது நான்.

நத்தைக்குப் போட்ட தொண்ணூத்தஞ்சை ரத்து பண்ணிட்டேன், விசாரணை முடியட்டும். இதோட அவன் கம்பெனிப் பழுதுச் சீட்டு ஒண்ணு வருது, அவனே எழுதிக் குடுத்தான், ஒரு எழுத்து நான் மாத்தல. 'பழுது: ஓட்டம் நடுவில் நிற்கிறது. நிற்கும் இடம்: 41 நிமிடம் 7 விநாடி. பழுது மெஷினிலா சரக்கிலா என்பது தெரியவில்லை. எத்தனை முறை ஓட்டிப் பார்க்கப்பட்டது: பத்தொன்பது, எல்லாம் முதலிலிருந்து. நடவடிக்கை: மெக்கானிக் நேரில் வருகிறார்.'

கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை வந்துடும். சனிக்கிழமை மூணு மணிக்கு அவன் உன் கதவைத் தட்டுவான். கையில பையும் ரெண்டு சட்டையும் இருக்கும், முகத்துல ஒண்ணும் இருக்காது. மெக்கானிக்கு வந்திருக்கார்னு சொல்லி உள்ள விடு. கடைசியா ஒண்ணு கேக்கணும்னு ஆரம்பிச்சியே, அதை அவன் உக்காந்தப்புறம் கேளு.